கோரைப்பல்லில் ஒரு கோடு

குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டில் வந்தது,
ஃபார்மலினில் ஊறிய பதினேழு பற்கள்.
பள்ளிகொண்டாவிலிருந்து இன்னொன்று,
ஹார்லிக்ஸ் பாட்டில், மூடிமேல் பிளாஸ்திரி.
வெற்றிலைக் காவி ஏறியது, பீடியில் கறுத்தது,
ராணிப்பேட்டைத் தோல்ஷாப் எதிலோ
இரவு ஷிஃப்ட் முழுக்க நறநறத்து
உச்சி தட்டையானது.
எதற்கும் பெயர் இல்லை.
திங்கள்கிழமைக்குள் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு
நாற்பது ஸ்லைடு வேண்டும்.

நான் தேய்க்கிறவள்.
கல்லில் தண்ணீர் விட்டு, கார்போரண்டம் தூவி,
விரல் நுனியால் அழுத்தி எட்டு எட்டாக.
கீழே வைத்த பேப்பரின் எழுத்து
பல்லின் ஊடாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.
ஒரு தேய்ப்பு கூடிப்போனால் பல் இல்லை,
கல்லின்மேல் வெள்ளைத் தண்ணீர்தான்.

மேலே எனாமல்.
உடம்பிலேயே கெட்டியானது இது.
உயிரில்லாததும் இது.
கட்டிய செல்கள்
பல் ஈறைக் கிழித்து வெளியே வந்ததும் அழிந்துபோகும்;
ஒரு விரிசலை அடைக்கக்கூட ஆள் திரும்பாது.
வேலூர்க் கோட்டையைப் போலத்தான்,
கொத்தனார் எப்போதோ போய்விட்டான்.

அதற்குள் டென்டின், மஞ்சளாக.
எண்ண முடியாத நுண்குழாய்கள்;
ஐஸ் பட்டுக் கூசுகிற சேதி
அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.
நடுவில் பற்கூழ். ரத்தம், நரம்பு.
என் ஸ்லைடில் அது வெறும் ஓட்டை,
மெதுவானது எதுவும் கல்லில் நிற்பதில்லை.
காட்பாடிப் பாலத்தில் பஸ் போகும்போது
பாலாற்றைப் பார்த்து நினைத்துக்கொள்வேன்:
மேலே மணல், தோண்டினால் ஈரம்.
அந்த ஈரம் எப்படிக் கத்தும் என்று
சொத்தைப்பல் வந்தவனைத்தான் கேட்க வேண்டும்.

வேரைச் சுற்றி சிமெண்டம்.
அதற்கும் தாடை எலும்புக்கும் நடுவே
தபால்கார்டு தடிமனுக்கு ஓர் இடைவெளி, நிறைய நார்கள்.
பல் எலும்பைத் தொடுவதே இல்லை,
கயிற்றுக்கட்டில்போலத் தொங்குகிறது.
இதைத் தெரிந்துகொண்ட அன்று
முறுக்கைக் கடிக்கப் பயந்தேன்.

நேற்று தபித்தாள் உள்ளங்கையை நீட்டினாள்.
மேல்தாடைக் கோரைப்பல், பால்பல்.
வேர் கிடையாது, உடம்பே கரைத்துவிட்டது.
“இதையும் தேய்ம்மா.”
“எதுக்குடி?”
“உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்.”

கரண்ட் போய் வந்த சாயங்காலம்
லேபில் யாரும் இல்லாதபோது தேய்த்தேன்.
பதினோரு வருஷத்தில் வேறு எந்தப் பல்லுக்கும்
கை நடுங்கியதில்லை.
பால்சம் விட்டு, கண்ணாடி மூடி, லென்ஸுக்கு அடியில்:
எனாமலில் நாளுக்கொரு மெல்லிய கோடு.
நடுவே ஒன்று மட்டும் கறுத்து, அகலமாக.
பிறந்த அன்று விழுகிற கோடு அது.
கருப்பைக்கும் காற்றுக்கும் இடையில் வரப்பு.

நாற்பத்தொரு நாள் குழந்தையாக வாங்கி வந்தோம்.
காகிதத்தில் எடை இருந்தது, தடுப்பூசி இருந்தது,
அந்த நாளைப் பற்றி ஒரு வரி இல்லை.
பிரசவம் கஷ்டமென்றால் கோடு தடிக்குமாம்.
டாக்டர் ஷாகிரா குனிந்து பார்த்துவிட்டு,
“அப்படி எழுதியிருக்காங்க,
ஒரு ஸ்லைடை வச்சு சொல்ல முடியாது” என்றார்.
சரி. சொல்ல முடியாது.

கோட்டுக்கு உட்புறச் சுண்ணாம்பு
எவளோ ஒருத்தியின் ரத்தத்திலிருந்து வந்தது.
கேழ்வரகோ, ரேஷன் அரிசியோ, பட்டினியோ.
வெளிப்புறம் கொஞ்ச தூரம் யார் யாரோ ஊட்டியது.
அப்புறம் பவுடர் பால், நான் ஆற்றியது.
அந்த இடம் எது என்று
நாற்பத்தொரு கோடு எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தாறில் தவறியது.
மறுபடி. முப்பத்தொன்றில்.

ராத்திரி படுக்கையில் கேட்டாள்,
“உள்ள என்ன இருந்துச்சு?”
“கோடு.”
“எத்தனை?”
“இன்னும் எண்ணி முடிக்கல.”
ஈறில் முட்டும் புதுப்பல்லை
நாக்கால் துழாவிக்கொண்டே தூங்கிப்போனாள்.
திங்கள்கிழமைக்கு
முப்பத்தொன்பது ஸ்லைடுதான் தேறியது.